இரும்புத்தூள் போட்ட கோலம்
(மைக்கேல் ஃபாரடேயின் வாழ்க்கை)

மலர்க்குழுத் தோழர்கள் போன் செய்து கட்டுரை கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ் கதை மட்டும் வேண்டாம், அது ஏற்கெனவே ஒரு டஜன் வந்து சேர்ந்துவிட்டது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மெஸ் கதையை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும் என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்போதுதான் வேலையில் சேர்ந்த முதல் வருஷம் நான் செய்த ஒரு முட்டாள்தனம் ஞாபகத்துக்கு வந்தது.

ஒரு தொழிற்சாலையில் வேக்குவம் சேம்பர் பராமரிப்புப் பிரிவில் என்னைப் போட்டிருந்தார்கள். சுழலும் தண்டு சேம்பருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு சீல் உண்டு. அதைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கறுப்பாக, பிசுபிசுவென்று எண்ணெய். பழைய கிரீஸ் போலிருக்கு என்று வேஸ்ட் காட்டனால் பளபளவென்று துடைத்து வைத்துவிட்டேன். துடைக்கும்போது அந்த எண்ணெய் முள்முள்ளாக எழுந்து நின்றது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை. மறுபடி மாட்டிப் பம்ப்பை ஓட்டினால் வேக்குவம் நிற்கவே இல்லை. நான் துடைத்தெறிந்தது காந்தத் திரவம்! காந்தம் பிடித்து வைத்திருக்கும் அந்த எண்ணெய் வளையம்தான் சீலே. அதைத் துடைத்துவிட்டுச் சீல் ஏன் ஒழுகுகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

என் மேலதிகாரி திட்டவில்லை. காலேஜில் ஃபாரடேயைப் பற்றி என்ன படித்தாய் என்று மட்டும் கேட்டார். விதியைச் சொன்னேன், சூத்திரத்தைச் சொன்னேன். அவர் காகிதத்தில் இரும்புத்தூளை ஏன் தூவினார் என்று அடுத்த கேள்வி. என்னிடம் பதில் இல்லை. பத்தாம் வகுப்பிலிருந்து பார்த்த படம்தான், ஆனால் ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று ராத்திரி தொடங்கின படிப்பின் பலன்தான் இந்தக் கட்டுரை. தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், தெரியாத தம்பி தங்கைகள் கொஞ்சம் கூடவே வாருங்கள்.

கொல்லன் மகன்

1791 செப்டம்பர் 22-ம் தேதி, லண்டனுக்குத் தெற்கே நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில் மைக்கேல் ஃபாரடே பிறந்தார். அப்பா ஜேம்ஸ் இரும்புக் கொல்லர். வட இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். உடம்பு முடியாதவர், அடிக்கடி படுத்துவிடுவார். நான்கு குழந்தைகளில் மைக்கேல் மூன்றாவது. 1801-ல் தானிய விலை ஏறிக் கஷ்டம் வந்தபோது, வாரத்துக்கு ஒரே ஒரு ரொட்டிதான் அந்தப் பையனின் பங்கு. ஏழு நாளும் அதை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். பள்ளிப்படிப்பு என்று பார்த்தால் எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் கணக்கு. அவ்வளவுதான்.

அந்தக் குடும்பம் சாண்டமேனியர் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. பணம் சேர்ப்பதையும் பட்டம் பதவி தேடுவதையும் நல்ல காரியமாக நினைக்காதவர்கள். ஃபாரடே கடைசிவரை அந்தச் சபையை விடவில்லை. பின்னாளில் அவர் எடுத்த பல முடிவுகளுக்கு இதுதான் வேர்.

13 வயதில், பிளாண்ட்ஃபோர்டு தெருவில் இருந்த ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். பிரான்சிலிருந்து வந்து குடியேறிய ரீபோவுக்குப் பையனைப் பிடித்துப்போயிற்று. அடுத்த வருஷம், 1805-ல், கட்டணம் வாங்காமலேயே ஏழு வருஷத்துக்குப் புத்தகம் பைண்டிங் செய்யும் தொழில் பழக வைத்துக்கொண்டார்.

மற்றவர்கள் புத்தகத்தைத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இந்தப் பையன் தைத்த புத்தகத்தைப் படித்தான். பைண்டிங்குக்கு வந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை கண்ணில் பட்டது. ஜேன் மார்செட் என்ற பெண்மணி, வேதியியலை உரையாடல் வடிவில் எளிமையாக எழுதியிருந்த புத்தகம் கையில் கிடைத்தது. படித்ததோடு நிற்கவில்லை. மிச்சம் பிடித்த காசில் கண்ணாடி ஜாடி வாங்கி, சொன்னது உண்மைதானா என்று கடையிலேயே செய்து பார்த்தார். புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்புவதில்லை என்ற பழக்கம் புத்தகக் கடையிலேயே ஆரம்பித்ததுதான் வேடிக்கை.

டாட்டம் என்பவர் தன் வீட்டில் அறிவியல் சொற்பொழிவுகள் நடத்தினார். ஒன்றுக்கு ஒரு ஷில்லிங். தம்பியிடம் அந்தக் காசு இல்லை. கொல்லுப்பட்டறையில் வேலை செய்த அண்ணன் ராபர்ட்தான் கொடுத்தார். நம்மில் எத்தனை பேருக்கு அண்ணனோ அக்காவோ கட்டின பணம் செமஸ்டர் ஃபீஸ் ஆகியிருக்கிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

டேவியின் கதவு

1812-ல் கடைக்கு வந்த வில்லியம் டான்ஸ் என்ற வாடிக்கையாளர், ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ப்ரி டேவி பேசும் நான்கு சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் கொடுத்தார். டேவி அன்றைக்கு லண்டனின் ஹீரோ. சோடியம், பொட்டாசியத்தைப் பிரித்தெடுத்தவர். ஃபாரடே மாடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். வீட்டுக்கு வந்து விரிவாக எழுதி, படம் வரைந்து, தானே பைண்டு செய்தார். கிட்டத்தட்ட 300 பக்கம்.

அறிவியல் வேலை எதுவானாலும் சரி என்று ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். பதிலே வரவில்லை. அந்த வருஷம் அக்டோபரில் பைண்டிங் பயிற்சிக் காலமும் முடிந்தது. புது முதலாளி முன்கோபி. அந்த டிசம்பரில், தான் பைண்டு செய்த குறிப்புகளோடு டேவிக்கே எழுதினார். இந்தக் கதவு திறந்தது, ஆனால் உடனே அல்ல. இப்போதைக்கு இடம் இல்லை, பைண்டிங்கையே பார்த்துக்கொள் என்றுதான் டேவி சொன்னார். சில வாரத்தில் லேப் உதவியாளர் ஒருவர் அடிதடியில் இறங்கி வேலையை இழந்தார். 1813 மார்ச் 1-ம் தேதி ஃபாரடேக்கு அந்த இடம் கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறை, கரி, மெழுகுவர்த்தி. திறமை ஒரு பக்கம், யாரோ போட்ட சண்டை ஒரு பக்கம். வாழ்க்கையில் இரண்டும் வேண்டியிருக்கிறது!

அதே வருஷம் அக்டோபரில் டேவி தம்பதியோடு ஐரோப்பியப் பயணம். கிளம்பும் நேரத்தில் டேவியின் வேலைக்காரர் வர மாட்டேன் என்றுவிட்டார். பாரிஸில் ஆள் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை நீயே பார்த்துக்கொள் என்று சொன்ன வேலை, ஒன்றரை வருஷம் ஃபாரடே தலையிலேயே விழுந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் அதே பயணத்தில்தான் ஆம்பியரைப் பார்த்தார், வயதான வோல்ட்டாவைப் பார்த்தார், டேவி பக்கத்தில் நின்று ஆராய்ச்சி என்றால் என்ன என்று கற்றுக்கொண்டார். அவமானத்தை ஒரு கையிலும் கல்வியை ஒரு கையிலும் வாங்கிக்கொண்டு 1815-ல் ஊர் திரும்பினார்.

குருவும் சீடனும்

1820-ல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். ஐரோப்பாவே அதன் பின்னால் ஓடியது. 1821 ஜூனில் ஃபாரடேக்கும் சாராவுக்கும் கல்யாணம். செப்டம்பரில், பாதரசக் கிண்ணத்தில் நட்ட காந்தத்தைச் சுற்றி மின்கம்பி ஓயாமல் வட்டமிடும்படி செய்துவிட்டார் ஃபாரடே. மின்சாரத்தால் ஓர் இயக்கம் தொடர்ந்து சுழன்றது அதுவே முதல் தடவை. இன்று நம் வீட்டு மிக்ஸிவரை எல்லா மோட்டாருக்கும் அதுதான் பாட்டனார்.

அவசரமாக அச்சுக்குக் கொடுத்தார். அங்கேதான் வினை. வொல்லாஸ்டன் என்ற பெரியவர் வேறு விதமான ஒரு சுழற்சியைத் தேடிக்கொண்டிருந்தார், அதை டேவியோடு பேசியும் இருந்தார். கட்டுரையில் அவர் பெயர் இல்லை. பைண்டிங் பையன் பெரிய மனிதரின் யோசனையைத் திருடிவிட்டான் என்று ஊரில் பேச்சு. ஃபாரடே நேரில் போய் வொல்லாஸ்டனிடம் விளக்கினார். அவர் சமாதானமாகிவிட்டார், ஆனால் டேவியின் மனசு மாறவில்லை. ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவிக்கு ஃபாரடே பெயர் முன்மொழியப்பட்டபோது, தலைவராக இருந்த டேவியே அதை வாபஸ் வாங்கச் சொன்னார். ஃபாரடே வாங்கவில்லை. 1824 ஜனவரியில் தேர்தல். எதிராக விழுந்தது ஒரே ஓர் ஓட்டு.

தன்னைத் தூக்கிவிட்ட கையே தன்னைத் தடுத்தது என்பது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும்! ஆனாலும் டேவியைப் பற்றி வெளியில் ஒரு குறைச் சொல் சொன்னதில்லை. ஆனால் ஒன்று செய்தார். அதற்குப் பிறகு எந்த ஆராய்ச்சியிலும் தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள் என்று நோட்டில் எழுதி வைப்பதில் மிகக் கண்டிப்பானார். பின்னாளில் பத்திகளுக்கு வரிசை எண்ணும் போட்டார். அந்த எண் கடைசியில் 16,041-ல் வந்து நின்றது. லேப் ரெக்கார்டைக் கடைசி நாள் ராத்திரி காப்பி அடித்து எழுதின நாமெல்லாம் இதைக் கேட்டுக் கொஞ்சம் வெட்கப்படலாம்.

1831 ஆகஸ்ட் 29-ம் தேதி, இரும்பு வளையத்தின் இரு பக்கமும் கம்பி சுற்றி ஒரு பக்கம் பாட்டரியை இணைத்தார். மறுபக்கத்து ஊசி ஒரு துள்ளு துள்ளி அடங்கியது. எடுக்கும்போது மறுபடி ஒரு துள்ளல். நடுவில் ஒன்றுமில்லை. மாறும்போதுதான் மின்சாரம் பிறக்கிறது! அக்டோபர் 17-ல் காந்தத்தைக் கம்பிச்சுருளுக்குள் நுழைத்து எடுத்தே மின்சாரம் உண்டாக்கினார். ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர் இரண்டுக்கும் விதை விழுந்தது அந்த இரண்டு மாசத்தில். இந்தப் பகுதியை நம் டிபார்ட்மெண்டில் நிறையப் படித்துவிட்டோம். நான் இரும்புத்தூளுக்குப் போகிறேன்.

தூள் சொன்ன செய்தி

காந்தத்தின் மேல் காகிதம் வைத்து இரும்புத்தூள் தூவினால் வளைவுகள் தெரியும் என்பது ஃபாரடேக்கு முன்பே பல காலமாகத் தெரிந்த வேடிக்கை. அதை வேடிக்கையாக விடாதவர் ஃபாரடே.

தூளில் என்ன நடக்கிறது? காந்தப் புலத்துக்குள் வந்ததும் ஒவ்வொரு துகளும் குட்டிக் காந்தமாகிறது. ஒன்றின் வட முனை அடுத்ததன் தென் முனையை இழுக்கும். அதனால் தலையும் வாலுமாகச் சேர்ந்து சங்கிலியாகும். பக்கத்துப் பக்கத்தில் நின்றால் ஒன்றையொன்று தள்ளும். அதனால் ஒரு சங்கிலிக்கும் அடுத்த சங்கிலிக்கும் இடைவெளி விழும். மேலே இருந்து யாரும் கோடு கிழிக்கவில்லை. ஒவ்வொரு துகளும் தன் அக்கம்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றதில் முழுக் கோலமும் வந்துவிடுகிறது. ஒரு சின்ன விஷயம்: காகிதத்தை விரலால் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் உராய்வு பிடித்துக்கொள்ளும், கோலம் சரியாக விழாது. இந்தத் தட்டலை ஞாபகம் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

மெழுகு பூசிய காகிதத்தில் தூளைத் தூவி, இலேசாகச் சூடு காட்டி, மெழுகு இளகி இறுகும்போது தூள் அப்படியே பதிந்துவிடும்படி 1851-ல் அவர் செய்த படங்கள் உண்டு. கேமரா இல்லாமல் எடுத்த போட்டோ! இந்தப் படங்களை வைத்துக்கொண்டு அவர் சொன்னதுதான் பெரிய விஷயம். காந்தத்தின் சக்தி காந்தத்துக்குள் மட்டும் இல்லை, சுற்றியுள்ள வெற்றிடத்திலும் பரவியிருக்கிறது; தூள் போடாவிட்டாலும் விசைக்கோடுகள் அங்கே இருக்கின்றன என்றார்.

அன்றைய பெரிய கணித மேதைகளுக்கு இது ஒத்துவரவில்லை. இரண்டு பொருள்கள், நடுவில் ஒரு தூரம், ஒரு சூத்திரம். கணக்கு மிகச் சரியாக வரும்போது இந்தக் கோடுகள் எதற்கு என்று கேட்டார்கள். அரசு வானியலாளர் ஜார்ஜ் எய்ரி போன்றவர்களுக்கு இது தெளிவில்லாத பேச்சாகப்பட்டது. ஃபாரடேக்கோ உயர் கணிதம் தெரியாது. எதிர்வாதம் எழுதச் சூத்திரம் கிடையாது. அவரிடம் இருந்தது மெழுகுக் காகிதமும் முப்பது வருஷ நோட்டும்தான்.

அந்த நேரத்தில் ஒரு பையன் வந்தான். 20-களில் இருந்த ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், ஃபாரடேயின் விசைக்கோடுகளைக் கணிதமாக்கி 1855-56-ல் ஒரு கட்டுரை படித்தார். 1857-ல் அது ஃபாரடே கைக்கு வந்தது. 65 வயதுப் பெரியவர், இவ்வளவு கணக்கைப் பார்த்து முதலில் பயந்துபோனதாகவும், விஷயம் அதைத் தாங்கி நின்றது கண்டு ஆச்சரியப்பட்டதாகவும் பதில் எழுதினார். கணித அறிஞர்கள் தங்கள் முடிவைச் சாதாரண மொழியிலும் எழுதினால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவுமே என்று இன்னொரு கடிதத்தில் கேட்டுக்கொண்டார். அதே மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளில்தான் நாம் எல்லோரும் ஒரு தடவையாவது அரியர் பயத்தில் வியர்த்திருக்கிறோம். அதன் மூலம் கணக்குத் தெரியாத ஒருவரின் தூள் படம் என்பது அப்போது யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் தைரியமாவது வந்திருக்கும்.

சிவப்புத் தங்கம்

இனி, அதிகம் பேசப்படாத ஒரு வேலை. 1857 பிப்ரவரியில் ராயல் சொசைட்டியில் அவர் ஆற்றிய பேக்கேரியன் சொற்பொழிவு தங்கத்தைப் பற்றியது. தங்க உப்புக் கரைசலைப் பாஸ்பரஸால் வினைப்படுத்தினால், மாணிக்கச் சிவப்பில் ஒரு திரவம் வருகிறது. பார்த்தால் கரைசல் மாதிரிதான். ஃபாரடே அதில் ஒளிக்கற்றையைப் பாய்ச்சினார். ஒளி போகும் பாதை துலக்கமாகத் தெரிந்தது. அப்படியானால் இது கரைசல் இல்லை. மைக்ராஸ்கோப்புக்கும் எட்டாத நுண்ணிய தங்கத் துகள்கள் மிதக்கின்றன என்று முடிவு கட்டினார். உப்புப் போட்டால் சிவப்பு நீலமாகியது. துகள்கள் ஒன்றோடொன்று திரள்கின்றன. கொஞ்சம் ஜெல்லி சேர்த்தால் அந்த மாற்றம் தடைப்பட்டது.

கூழ்மம் என்று நாம் சொல்லும் பொருளுக்கு ஆங்கிலத்தில் கொலாய்டு என்ற பெயரைத் தாமஸ் கிரஹாம் வைத்ததே 1861-ல்தான். பெயர் வைக்கும் முன்பே, துகளின் அளவு மாறினால் நிறமும் மாறும், திரளாமல் காக்க மேலே ஒரு பூச்சு போதும் என்ற இரண்டையும் ஃபாரடே கண்ணாடிப் பாட்டிலில் காட்டிவிட்டார். அவர் செய்த சிவப்புத் திரவம் இன்றும் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இருக்கிறது, இன்னும் சிவப்பாகவே.

ஒரு பக்கம் காந்தத்தில் வரிசை கட்டும் இரும்புத்தூள். இன்னொரு பக்கம் திரவத்தில் மிதக்கும் நுண்துகள். இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போட்டால்? அந்த வேலை அவருக்குப் பிறகு வந்தவர்களுக்கு விட்டுப்போனது.

மறதியோடு ஒரு போராட்டம்

எனக்கு மிகவும் மனசைத் தொட்டது இந்தப் பகுதி. 1839 முடிவில், 48 வயதில், ஃபாரடேக்கு உடல் தளர்ந்தது. தலைசுற்றல், எல்லாவற்றுக்கும் மேலே மறதி. சில வருஷம் பெரிய ஆராய்ச்சி எதுவும் செய்ய முடியவில்லை. 1841-ல் சாரா அவரைச் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப்போனார். மலைப்பாதையில் மைல் கணக்கில் நடக்க முடிந்த மனுஷனுக்கு, நேற்று செய்த சோதனை ஞாபகம் இல்லை.

திரும்பி வந்தவர் 1845 செப்டம்பரில், கனமான ஒரு கண்ணாடித் துண்டு வழியாகப் போகும் ஒளியின் அதிர்வுத் தளத்தைக் காந்தத்தால் திருப்பிக் காட்டினார். ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி. விசைக்கோட்டுப் படங்களும் தங்கக் கூழ்மமும் எல்லாமே அந்த நோய்க்குப் பிறகு வந்தவை. ஞாபகம் கைவிட்ட இடத்தில் நோட்டு கைகொடுத்தது. பழைய பத்தியின் எண்ணைப் பார்த்து, எங்கே விட்டோம் என்று தெரிந்துகொண்டு, அங்கிருந்து தொடர்வார். வொல்லாஸ்டன் விஷயத்தில் பட்ட அடியில் கற்ற பழக்கம் இப்படி ஒரு நாள் உதவும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார்.

ராயல் சொசைட்டித் தலைவர் பதவி தேடி வந்தது, வேண்டாம் என்றார். சர் பட்டமும் வேண்டாம். 1858-ல் அரசி தந்த ஹாம்ப்டன் கோர்ட் வீட்டை மட்டும் ஏற்றுக்கொண்டார். 1860-61 கிறிஸ்துமஸில் குழந்தைகளுக்கு ஒரு மெழுகுவர்த்தியை வைத்து அவர் நடத்திய வகுப்புகள் புத்தகமாகி இன்றும் விற்கின்றன. 1862 மார்ச்சில் செய்த கடைசி ஆராய்ச்சி, காந்தம் சுடரின் நிறக்கோடுகளை மாற்றுமா என்பது. மாற்றம் தெரியவில்லை. கேள்வி சரி, கருவிக்குத்தான் பலம் போதவில்லை. 1896-ல் சீமன் அதே மாற்றத்தைக் கண்டார். 1867 ஆகஸ்ட் 25-ல் ஃபாரடே காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அல்ல, ஹைகேட் இடுகாட்டில் எளிமையாக அடக்கம் செய்யப்பட்டார். குழந்தைகள் கிடையாது.

கிண்ணத்துக்குள் அணிவகுப்பு

அவர் விட்டுப்போன கிண்ணத்துக்கு வருவோம். 1878-ல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் மேயர் என்ற பேராசிரியர், காந்தமேற்றிய ஊசிகளைத் தக்கையில் குத்தித் தண்ணீரில் மிதக்கவிட்டு, மேலே ஒரு பெரிய காந்தத்தைப் பிடித்தார். மூன்று ஊசி என்றால் முக்கோணம். நான்கு என்றால் சதுரம். ஐந்து ஐங்கோணம். ஏழு என்றால், ஒன்று நடுவில், ஆறு சுற்றி. ஊசிகள் தாமாகவே இடம் பிடித்துக்கொண்டன. அணுவுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி நிற்கும் என்று யோசித்த ஜே.ஜே. தாம்சன் இந்த வடிவங்களை உதாரணம் காட்டினார்.

துகள் மிகச் சிறியதாகும்போது வேறு ஒருவர் உள்ளே வருகிறார்: வெப்பம். தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துத் துகளைச் சும்மா நிற்க விடாது. ராபர்ட் பிரவுன் 1827-ல் கண்ட இந்தத் துள்ளாட்டத்தைப் பற்றி 1829-லேயே ஃபாரடே தன் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேசியிருக்கிறார். காகிதத்தை விரலால் தட்டச் சொன்னேனே, அந்தத் தட்டலைக் கூழ்மத்தில் இயற்கையே ஓயாமல் செய்கிறது. தட்டல் இல்லாவிட்டால் துகள் மாட்டிக்கொண்ட இடத்திலேயே கிடக்கும். அதிகமானால் சங்கிலி அறுந்து சிதறும். ஒட்டும் துகள்கள் இரண்டுக்கு நடுவேயுள்ள காந்த இழுப்பின் ஆற்றல் விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அதாவது விட்டம் இரண்டு பங்கானால் இழுப்பின் ஆற்றல் எட்டுப் பங்கு. மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடில் 10 நானோமீட்டர் அளவுக்கு அருகில் காந்த இழுப்பும் வெப்பத்தின் உதறலும் ஏறக்குறையச் சமபலத்தில் நிற்கின்றன. அதற்கு மேலே போனால் காந்தம் ஜெயிக்கும், கீழே போனால் வெப்பம் ஜெயிக்கும்.

1963-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஸ்டீவ் பாப்பெல், எடையற்ற வெளியில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுக்க முடியுமா என்று பார்க்க, இந்த அளவுத் துகள்களை ஓலியிக் அமிலப் பூச்சோடு எண்ணெயில் கலந்தார். நான் துடைத்தெறிந்த கறுப்பு எண்ணெய் இதன் வாரிசுதான்! பூச்சு என்பது ஃபாரடேயின் ஜெல்லி செய்த அதே காவல் வேலை. 1970-ல் டி ஜென்னும் பிங்கஸும், இத்தகைய துகள்கள் புலத்தின் திசையில் சங்கிலியாகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 1983-ல் நார்வேயின் ஷெல்டார்ப், காந்தத் திரவத்தில் சாதாரண பிளாஸ்டிக் உருண்டைகளைப் போட்டார். காந்தத்துக்கு நடுவே காந்தமில்லாத ஓட்டை என்பதால் அவையும் எதிர்த்திசைக் காந்தங்கள் போல நடந்து, அறுகோண அடுக்காக நின்றன. புலம் நீளவாக்கில் இருந்தால் சங்கிலி, செங்குத்தாக இருந்தால் ஒன்றையொன்று தள்ளிச் சம இடைவெளியில் தேன்கூடு போன்ற வரிசை. ஒரே துகள், புலத்தைத் திருப்பினால் கோலம் மாறும்.

2007-ல் கலிஃபோர்னியாவில் யின் குழுவினர் செய்த மேக்னடைட் கூழ்மத்தில், காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் துகள்களின் இடைவெளி சுருங்கி நிறம் சிவப்பிலிருந்து பச்சை, நீலம் என்று மாறியது. சாயம் எதுவும் இல்லை, வரிசைதான் நிறம். அதே 2007-ல் நம் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், காந்தத் திரவத்தில் சங்கிலிகள் உருவானால் அதன் வெப்பம் கடத்தும் திறன் பல மடங்கு கூடுகிறது என்று அளந்து காட்டினார்கள். சங்கிலி வெப்பத்துக்குப் பாதை போட்டுக்கொடுக்கிறது. இதற்கெல்லாம் முன்னோடி ஒரு பாக்டீரியா. 1975-ல் ரிச்சர்டு பிளேக்மோர் அறிவித்த வகை, தன் உடம்புக்குள் மேக்னடைட் மணிகளைச் சங்கிலியாகக் கோத்து வைத்துக்கொண்டு, பூமியின் காந்தத்தைப் பார்த்து நீந்துகிறது!

முடிக்கும் முன்

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. தமிழ் மீடியத்திலிருந்து வந்தோம், இங்கிலீஷ் வரவில்லை, கணக்கில் வீக் என்று முதல் செமஸ்டரிலேயே தோள் தொங்கிப்போகிறவர்களை நான் அறிவேன். நானே அப்படித்தான் இருந்தேன். ஃபாரடே கதையைக் கேட்டுக் கணக்கை விட்டுவிடாதீர்கள். அவருக்கு ஒரு மாக்ஸ்வெல் வேண்டியிருந்தது. ஆனால் மாக்ஸ்வெல்லுக்கும் ஒரு ஃபாரடே வேண்டியிருந்தது. கண்ணால் பார்த்ததை விடாமல் பிடித்துக்கொள்ளும் ஆள் இல்லாவிட்டால் கணக்குப் போட விஷயமே இருக்காது.

மேயரின் சோதனைக்கு ஒரு பிளாஸ்டிக் டப், ஏழு தையல் ஊசி, தெர்மோகோல் துண்டு, பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும். ஊசிகளை ஒரே திசையில் தேய்த்துக் காந்தமாக்கி, எல்லாவற்றையும் ஒரே முனை மேலே இருக்கும்படி தெர்மோகோலில் குத்தி மிதக்கவிடுங்கள். மேலே பிடிக்கும் காந்தத்தின் எந்தப் பக்கம் ஊசிகளை நடுவுக்கு இழுக்கிறதோ அதைக் காட்டுங்கள். ஹாஸ்டல் ரூமிலேயே செய்யலாம். ஆறு ஊசி போட்டால் என்ன வடிவம் வரும் என்று நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. செய்து பார்த்துத் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். அடுத்த சந்திப்பில் யாராவது அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினால், மெஸ் டீ என் செலவு.

என் மேலதிகாரி இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வருகிற பிள்ளைகளிடம் அவருடைய அந்த இரண்டாவது கேள்வியை இப்போது நான் கேட்கிறேன். பாதிப் பேர் என்னைப் போலவே முழிக்கிறார்கள். பரவாயில்லை, சீலைக் கழற்றும் முன்னால் கேட்டுவிடுகிறேன்.